முகம் கீழாக வைத்த தாள்

மகன்,

நீ கேட்ட படம் கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அது தொலைந்ததே இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் உனக்கு இரண்டு தரம் சொன்னது பொய். பதினொரு வருடமாக அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அலுமாரியின் கீழ்த்தட்டில், என் கல்யாணச் சேலைக்கு அடியில், சுருட்டி, சீலைக் கிழிசலால் கட்டி நானே வைத்தது. உன் அப்பா சாகும்வரை அந்தத் தட்டைத் திறக்கவில்லை. திறக்கவேண்டாம் என்று நான் சொன்னதும் இல்லை.

நீ அனுப்பிய குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். “அம்மா, அவளுக்குக் கல்யாணக் கார்ட்டில அப்பாவின்ர சங்குப் படம் போட வேணுமாம். அது பிழையான படம் எண்டு சொன்னன். பிழையெண்டாலும் அது மாமாவின்ர பிழைதானே, அதுதான் வேணும் எண்டு நிக்கிறாள். ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ.” பின்னால் நீ கட்டப் போகிற பிள்ளையின் சிரிப்பும் கேட்டது. “அம்மே, ப்ளீஸ் அம்மே” என்று சிலாபத்துப் பிள்ளைகள் கேட்கிற மாதிரியே கேட்டாள். முகம் காணாத மாமனாருடைய பிழையைக் கூடத் தன் கல்யாணக் கார்ட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தப் படத்தில் பிழை இல்லை, மகன். அப்பா கீறியது சரி. பிழை விட்டது நான். தாளை விரித்த உடனே உனக்கு அது தெரிந்துவிடும், நீ படித்தவன். தாள் உனக்குச் சொல்லுமுன் நான் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனை வைத்துவிட்டு எழுதக் கொப்பியை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துப் பிழைகளைக் கோயில் சிஸ்டர் திருத்தித் தருகிறேன் என்றா. சொல்லை மட்டும் மாற்றவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். இதைத் திருநாள் மலரில் போடவும் கேட்டிருக்கிறேன். வீட்டுக் கதையை ஏன் அம்மா ஊருக்குச் சொல்கிறாய் என்று நீ முகம் சுளிப்பாய். அப்பா அந்தப் பிழையைத் தலையில் ஏற்றது ஆட்களுக்கு முன்னால். நான் அதை இறக்குவதும் ஆட்களுக்கு முன்னால்தான் நடக்கவேண்டும்.

முதலில் இருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் இருக்கும், பொறுத்துக்கொள். அவர் என்னைக் கட்டியபோது கண்டக்குழியில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவர். திருநாள் காலத்தில் சுரூபங்களுக்கு நிறம் பூசுவார். நான் மன்னாரில் இருந்து சண்டைக்குத் தப்பி வள்ளத்தில் வந்து இறங்கிய பிள்ளை. மூக்கு உடைந்த, விரல் உடைந்த சுரூபங்களுக்குச் சாந்து வைத்து ஒட்டுவது என் வேலை. அப்படித்தான் எங்கள் சம்பந்தமே வந்தது. அவர் பூசின நிறத்துக்கு மேல் என் சாந்து விரல் அடையாளம் பதிந்துவிட்டது என்று சண்டை பிடிக்க வந்தவர், சண்டை பிடிக்காமல் மூன்று நாள் அங்கேயே நின்றார்.

கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வள்ளம் இறங்காது, பெயர் எழுத ஆள் வராது. அந்த மாதங்களில் முந்தல் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிக்கிற இடம் ஒன்றில் தொட்டி கழுவப் போனார். அங்கே இருந்த மிஸ் ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, இதைப் பாருங்கள் என்று அந்தக் கண்ணாடிக்குள் பார்க்க விட்டிருக்கிறா. அதற்கு நுணுக்குக்காட்டி என்று பெயர், நீ ஏழாம் வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்தாய், இன்னும் மறக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. “ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள ஒரு திருநாள் நடக்குது, நீ நம்பமாட்டாய்” என்றார். “கொடி இருக்கு, குடை இருக்கு, கண்ணாடியால செய்த பெட்டி இருக்கு. எல்லாம் உயிரோட. நாங்கள் அந்தத் தண்ணியில முகம் கழுவுறம்.” எனக்கு வந்தது பயம்தான். யாரோ எதையோ குடிக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நம்பாத என்னை அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போனார். நான் குனிந்து பார்த்தேன். கறுப்பாக மயிர் மயிராக ஏதோ தெரிந்தது. “கண்டன், கண்டன், கால் கனக்க இருக்கு, எண்ண ஏலாது” என்றேன். மிஸ் சிரித்துவிட்டு, “அது உங்கட கண் மயிர் அக்கா” என்றா. மூன்றாம் தரம்தான் பிடிபட்டது. எள்ளிலும் சின்ன இறால் குஞ்சு. உடம்பெல்லாம் தண்ணீர் மாதிரி, உள்ளே எல்லாம் வெளியே தெரிகிறது. நடுவில் ஒன்று பட்பட் என்று அடித்தது. என்ன மிஸ் இது என்று கேட்டேன். இதயம் என்றா. அப்போது நீ என் வயிற்றில் ஐந்து மாதம். நான் கண்ணை எடுக்காமல் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் அப்பாவிடம், “நீங்கள் கீறுங்கோ, நான் செய்யிறன்” என்றேன். அந்த ஒரு சொல்லில் இருந்துதான் எங்கள் முப்பது வருட வேலை தொடங்கியது.

ஊர் எங்களைச் சும்மா விடவில்லை. அவருக்குப் புழுக்காரன் என்று பெயர் வைத்தார்கள். கிணற்றடியில் பெண்கள் என்னிடம், “என்னடி, உன்ர மனிசன் புழுவுக்குப் படம் கீற, நீ புழுவுக்குச் சட்டை தைக்கிறியாம்?” என்று கேட்பார்கள். நானும் விடமாட்டேன். “ஓம், அளவெடுக்கத்தான் கஷ்டம், நிண்டால்தானே” என்பேன். பைபர் வேலையை எனக்குக் காட்டித் தந்தவர் ஜமால் நாநா, உனக்குத் தெரியும். உடைந்த வள்ளங்களுக்குப் பைபர் ஒட்டுகிறவர், வாப்பா காலத்தில் இருந்து சங்கு குளித்த குடும்பம். “வள்ளத்துக்குப் பூசினாத் தண்ணி உள்ளுக்கு வராது தங்கச்சி, புழுவுக்குப் பூசினா என்ன வரும்?” என்று கேட்டுக்கொண்டே ரெசின் கலக்கக் காட்டித் தந்தார். கம்பி, பழைய வலை, பைபர். அதில் நான் உருவம் செய்வேன். அப்பா நிறம் பூசுவார். இறால் குஞ்சு, உப்புக் கட்டிக்குள் இருக்கிற சதுரங்கள், டயட்டம் என்று நீ சொல்வாயே, நாங்கள் கண்ணாடிப் பாசி என்போம், அது. சுற்றுலாக்காரர் தங்குகிற இடங்களில் வாங்கிக் கொண்டுபோய் மாட்டினார்கள். எந்த உருவத்துக்கு என்ன பெயர் என்று புத்தகம் பார்த்து வாசித்துச் சொன்னது நீ. எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் நீதான். நீ கடல் உயிர் படிக்கக் கம்பஸுக்குப் போனது எங்கள் வேலைக் கொட்டிலில் இருந்துதான் என்று அப்பா போகிற வருகிற எல்லாருக்கும் சொல்வார்.

எங்கள் வேலை முறையைச் சொன்னால்தான் என் பிழை விளங்கும். அப்பா மெல்லிய எண்ணெய்த் தாளில் பென்சிலால் பெரிதாகக் கீறித் தருவார். தாளைப் பலகையில் விரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, நான் கரண்டியின் முதுகால் தேய்ப்பேன். கோடு பலகையில் இறங்கும். அந்தக் கோட்டில் ஆணி அடித்து, கம்பி வளைத்து, வலை கட்டி, பைபர் பூசி மேலே எழுப்புவேன். இது திருநாள் அலங்காரச் சோடினையில் பழகிய முறை. பீடத்து வளைவுக்கு அப்பா ஒரு பாதியைத்தான் கீறுவார். அதை ஒருமுறை, கீறின முகம் மேலாக வைத்துத் தேய்த்தால் இடது பக்கம், முகம் கீழாக வைத்துத் தேய்த்தால் வலது பக்கம். முகம் மேலாக வைக்கவேண்டுமென்றால் தாளின் முதுகிலும் பென்சில் பூசவேண்டும், கோடும் மங்கலாகத்தான் விழும். முகம் கீழாக வைத்தால் வேலை சுகம், கோடு பளிச்சென்று இருக்கும். இறால் குஞ்சை மேலே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்று. கண்ணாடிப் பாசியும் அப்படித்தான். அதனால் நான் எல்லாத் தாளையும் முகம் கீழாகவே வைத்தேன். ஒருநாளும் பிழை வரவில்லை. பிழை வராததால் நான் அதை யோசிக்கவும் இல்லை.

பிறகு உனக்குப் படிப்பிக்கிற கம்பஸ் சேர் வந்தார். புதிதாகக் கட்டுகிற மண்டபத்துச் சுவரில் வைக்க ஒன்று வேண்டும் என்றார். சங்கு முட்டையை வெட்டி உள்ளே இருக்கிற குஞ்சை அப்பாவுக்குக் காட்டினார். நெல்லளவு குஞ்சு, ஆனால் முழுச் சங்கு. அப்பா நாலு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் கீறிய படங்களில் அதுதான் திறம். தாளை என்னிடம் தரும்போது, “மகன்ர இடத்தில நிக்கப் போற சாமான், கவனம்” என்றார். திங்கட்கிழமை விடிய அவர் முந்தலுக்குப் போய்விட்டார், இனி நிறம் பூசத்தான் திரும்பி வருவார். தாளின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை. நான் கல்லை வைத்துப் பிடித்து, தனிய, வழமைபோல முகம் கீழாக வைத்துத் தேய்த்தேன்.

நாற்பது நாள் வேலை. ஆள் உயரம். பாதி உடம்பு பலகையில் இருந்து வெளியே பொம்மி நிற்கும். ஒரு பக்கம் சன்னல் மாதிரி வெட்டி, உள்ளே சுருள் தெரிகிற மாதிரி விட்டேன். ரெசின் என் கையைத் தின்றுவிட்டது, சோறு பிசைய முடியாது, கரண்டியால் சாப்பிட்டேன். நாற்பதாம் நாள் ஜமால் நாநா ரெசின் கொண்டுவந்தார். கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டார். “அல்லாஹ்வே! தங்கச்சி, இது வலம்புரியல்லோ!” என்றார். நான் என்ன நாநா என்றேன். “சங்கு எல்லாம் ஒரு பக்கந்தான் சுத்தும். இது மத்தப் பக்கம் சுத்தி ஈக்கிது. லட்சத்தில ஒண்டு அப்பிடி வரும். இருவது வருசம் கடலுக்குள்ள முங்கித் தேடினேன், ஒண்டு ஆம்புடல்ல. நீ கொட்டிலுக்குள்ள இருந்து செஞ்சு வெச்சிட்டாய்!” அவர் சிரித்தார். அவர் போனதும் தாளை விரித்துப் பார்த்தேன். தாளில் சங்கின் வாய் ஒரு பக்கம். பலகையில் மற்றப் பக்கம்.

மண்டபம் திறக்க ஐந்து நாள் இருந்தது. நான் செய்த முதல் பிழை தெரியாமல் செய்தது, அதை ஆண்டவர் மன்னிப்பார். இரண்டாவதைத் தெரிந்து செய்தேன். தாளைச் சுருட்டி அலுமாரியில் வைத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள், வலம்புரி என்றால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் அப்பா நிறம் பூச வந்தார். பலகை கிடையாகக் கிடந்தது. சுற்றிச் சுற்றி வந்து பூசினார். ஒரு இடத்தில் கை நின்றது. எழும்பி வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “பேப்பர் எங்க?” என்று கேட்டார். “சுருட்டி வைச்சிட்டன்” என்றேன். “எடு பாப்பம்” என்று அவர் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோல் உரிந்த என் கையைத்தான் பார்த்தார். பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு குனிந்தார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தாளைக் கேட்கவே இல்லை.

மற்றது உனக்குத் தெரியும். ஆனால் நீ நின்ற இடத்தில் இருந்து தெரிந்தது வேறு. மண்டபம் திறந்த அன்று சேலையும் கட்டி, பூவும் வைத்து, நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். திரையை விலக்கினதும் எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு உன்னோடு படிக்கிற ஒரு பெடியன், “மச்சான், உங்கட அப்பா வலம்புரிக் குஞ்சு பொரிக்க வைச்சிருக்கிறார்” என்றான். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். சேர் பக்கத்தில் வந்து பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன் முகம் கறுத்துப் போனதை நான் கண்டேன். நீ கெட்டவன் இல்லை, மகன். உன் வயதில் கூட்டாளிகளுக்கு முன்னால் யாருக்கும் அப்படித்தான் வரும். “பாக்காமல் கீறுறதுக்கு இது கோயில் சோடினை இல்லை அப்பா. ஒருக்கா ஒழுங்காப் பாத்திருக்கலாமே” என்றாய். நாலு நாள் கண் வீங்கப் பார்த்த மனுஷனிடம் சொன்னாய். அவர் மெதுவாகத் திரும்பி என்னை ஒருதரம் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஓம் மகன்” என்றார். “என்ர பிழைதான்.”

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பதினொரு வருடமாக என்னையே கேட்கிறேன். அங்கே எல்லாரும் படித்தவர்கள். படிக்காத பொம்பிளை கெடுத்துவிட்டா என்று சொல்வார்களே, உனக்கு அது இன்னும் வெட்கமாகப் போகுமே என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது முழு உண்மை இல்லை. எனக்குப் பயம். உனக்கு முன்னால் சின்னவளாகப் போகப் பயம். அவர் ஏற்றுக்கொண்டதும் என் நெஞ்சில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஆறுதல். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

மண்டபத்துக்கு வேண்டாம் என்ற சங்கை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தோம். தலவில திரும்புகிற சந்தி வந்தது. அங்கே வைத்து நான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்கள் என்று. “அவன் ஏசினது என்னை. உன்னை ஏசியிருந்தால் அந்த இடத்திலேயே அவனுக்கு அடிச்சிருப்பன். அது இன்னும் வெட்கம்” என்றார். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். “அவனிட்ட நான் சொல்லட்டா?” என்றேன். “நீ சொல்ல வேணுமெண்டால் சொல்லு. நான் சொல்லமாட்டன்.” அவ்வளவுதான். அவர் என்னைத் தடுக்கவில்லை என்பதை நீ கவனி. கதவைத் திறந்துதான் வைத்தார். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் தந்த முதல் தாளை விரித்தபோது, மேலே வலது மூலையில் சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது. குங்குமப் பொட்டு அளவு. இது என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொட்டு மேலே தெரிந்தால் தாள் முகம் மேலாக இருக்கிறது. பிறகு வந்த எல்லாத் தாளிலும் அந்தப் பொட்டு இருந்தது. என்மேல் அவர் காட்டிய கோபம் அது ஒன்றுதான், அதுவும் எனக்கு உதவியாகத்தான் காட்டினார். ஆனால் ஒவ்வொரு தாளையும் விரிக்கும்போது அந்தப் பொட்டு என்னைப் பார்க்கும்.

நீ படிப்பை முடித்து நோர்வேக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு அரை மணித்தியாலம் கதைப்பாய். கடைசியில், “அப்பா சுகமா?” என்பாய். அவர் பக்கத்தில்தான் இருப்பார். “சுகம் எண்டு சொல்லு” என்பார். நான் போனை நீட்டினால் இரண்டு பேரும் காலநிலை கதைப்பீர்கள். அங்க குளிரா மகன், ஓம் அப்பா, இஞ்ச வெயில், சரி அப்பா. கடல் உயிரைப் பற்றிக் கதைத்துச் சாப்பாடு ஆறவிட்ட தகப்பனும் பிள்ளையும். போனை வைத்ததும் அவர் எழும்பிக் கொட்டிலுக்குப் போவார், நான் பின்னால் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வருவேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கல்லை அசைக்க என்னால் மட்டும்தான் முடியும் என்று தெரிந்துகொண்டே பத்து வருடம் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானச் சோறு தின்றுவிட்டுக் கொட்டிலில் கதிரையில் இருந்தார். மூன்று மணிக்குப் போய்க் கூப்பிட்டேன், உயிர் இல்லை. கையில் பென்சில் இருந்தது. நீ வந்து ஒன்பது நாள் நின்றாய். சவக்காலையில் இருந்து திரும்பி வந்ததும் கொட்டிலுக்குள் போய், சுவரில் சாய்த்து வைத்த அந்தச் சங்குக்கு முன்னால் நீ நெடுநேரம் நின்றதை நான் கண்டேன். “நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது அம்மா” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். உன் தோளைத் தடவி, “அவர் அதை நினைக்கேல்லை” என்றேன். நீ மன்னிப்புக் கேட்ட இடத்திலும் நான் ஒளிந்துகொண்டேன். நீ பிளேன் ஏறிய பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது அவர் போன துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும்தான்.

அவர் இல்லாததை நான் எங்கே காண்கிறேன் தெரியுமா? கட்டிலில் இல்லை, கோயிலில் நாங்கள் இருக்கிற வாங்கில் இல்லை. தாளை விரிக்கும்போது. நான் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மற்றப் பக்கம் சுருண்டு சுருண்டு என்னிடம் வரும். “ஒருக்காப் பிடியுங்கோ” என்று வாய் சொல்லிவிடும். வாடைக் காற்று அடித்தால் அவருடைய தூரிகைகள் தகரப் பேணிக்குள் ஆடிச் சத்தம் போடும். வாறன் வாறன் என்று சொல்லிக்கொண்டு எழும்பிவிடுவேன். அவரோடு சண்டை பிடிக்கக்கூட ஆசையாக இருக்கிறது. நிறம் கூடிப்போச்சு என்று நான் சொல்ல, உன்ர கண்ணைக் கழுவு என்று அவர் சொல்ல.

நீ தை மாதம் கல்யாணம் கட்டப் போகிறாய். நீங்கள் இரண்டு பேரும் படித்த பிள்ளைகள், உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று. உன் பிழையை அவள் தன் தலையில் ஏற்றினால், அன்பு என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதே. அன்றைக்கே இறக்கி வை. அவள் கேட்காவிட்டாலும் இறக்கி வை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன் அப்பா உன்னை இழந்தார். நானும் அவரைக் காப்பாற்றவில்லை, உன்னையும் காப்பாற்றவில்லை. எங்களை நல்ல சோடி என்று ஊர் சொல்லும். நல்ல சோடிதான். ஆனால் ஒரு சொல் சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் காலநிலை கதைத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பத்து வருடத்தை நான் உனக்கு எங்கே இருந்து எடுத்துத் தருவேன்?

தாளை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கார்ட்டில் போடுங்கள். அது உன் அப்பாவின் பிழை இல்லை, அவருடைய சரி என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லு. அவளுக்குப் பிழைதான் வேண்டுமென்றால் அம்மாவிடம் இருக்கிறது என்று சொல்லு, கொட்டிலில், ஆள் உயரத்தில். வந்து பார்க்கட்டும். என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அவரிடம் காட்டிய மாதிரிக் காலநிலை கதைத்து மறைக்காதே, என்னிடம் ஏசு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. கடைசி நாள் அவர் கையில் பென்சில் இருந்தது என்றேனே, அவர் கீறிக்கொண்டிருந்ததும் சங்குக் குஞ்சுதான். அதே அளவு, ஆள் உயரம். ஒரு கோடு பாக்கி இல்லாமல் முடித்திருக்கிறார். மேலே வலது மூலையில் பொட்டும் வைத்திருக்கிறார். யாரும் கேட்காத வேலை. பலகை வாங்கி வைத்திருக்கிறேன். தாளின் முதுகில் பென்சில் பூசிவிட்டேன், நாலு நாள் எடுத்தது. இந்தத் தரம் கல்லை வைத்துப் பிடிக்க எனக்கு மனமில்லை. ஜமால் நாநா வந்து பிடிக்கிறேன் என்றார், வேண்டாம் நாநா என்றேன்.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை முந்தி வா. கையைக் கழுவிவிட்டு வந்து தாளின் மற்றப் பக்கத்தைப் பிடி. நான் கரண்டியை எடுக்கமுதல் உன்னிடம் கேட்பேன், மகன், பொட்டுத் தெரியுதா என்று. நீ தலையை ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து சொல்லு.

அம்மா